வளையல் இறுகுமுன்

ஓய்வுநாள் ஒன்றில் பரிசேயர் தலைவர் ஒருவருடைய இல்லத்திற்கு நம் ஆண்டவர் உணவருந்தச் சென்றபோது, நீர்க்கோவை நோயால் வருந்திய ஒரு மனிதன் அவர்முன் நின்றான் என்று லூக்கா தம் நற்செய்தியின் 14-ஆம் அதிகாரத்தில் எழுதுகின்றார். நற்செய்தியாளர் நால்வருள் இந்நிகழ்ச்சியைக் குறிப்பவர், மருத்துவர் என்று போற்றப்படும் லூக்கா ஒருவரே. அம்மனிதன் வாய் திறந்து எதையும் வேண்டியதாக அங்கே எழுதப்படவில்லை. கூடியிருந்தோரின் கண்களெல்லாம் இயேசுபிரான் மீதே இருந்தன. நோயாளியைப் பார்த்தவர் அவர் ஒருவரே.

உடலில் நீர் தேங்கும் நோய்கள் பல. இதயம் தளர்ந்தாலும் சிறுநீரகம் பழுதுற்றாலும் கால்கள் வீங்குவதை நாம் அறிவோம். இக்கட்டுரை பேச வந்ததோ ஒரே ஒரு கையில் மட்டும் தேங்கும் நீரைப் பற்றியது. மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்று மீண்ட பெண்களில் பலருக்குச் சில மாதங்களோ சில ஆண்டுகளோ கழித்து, அறுவை நடந்த பக்கத்துக் கை வீங்கத் தொடங்குகிறது. இதற்கு நிணநீர் வீக்கம் என்று பெயர். இவர்களும் பெரும்பாலும் வாய் திறந்து எதையும் கேட்பதில்லை.

எங்கள் பங்கைச் சேர்ந்த ஒரு தாயை நான் அறிவேன். வலப்பக்க மார்பகத்தை அகற்றி ஈராண்டு கடந்திருந்த வேளை. முதலில் வலக்கை வளையல்களைக் கழற்றி இடக்கையில் போட்டுக் கொண்டார். பிறகு ரவிக்கையின் வலக்கைத் தையலை மட்டும் பிரித்து அகலமாக்கிக் கொண்டார். வெயில் என்றார், ஒருக்களித்துப் படுத்ததால் வந்தது என்றார். மருத்துவரிடம் ஏன் சொல்லவில்லை என்று மகள் கடிந்து கேட்டபோது, "உயிரையே திருப்பித் தந்த ஆண்டவரிடம் கைக்காகவும் முறையிடுவதா?" என்று பதிலளித்தார். அவர் மருத்துவமனைக்குச் சென்ற நாளில் முன்கை தடித்து, தோல் இறுகி, விரலால் அழுத்தினால் குழி விழாத நிலையை எட்டியிருந்தது. அந்நிலையில் வீக்கத்தைக் கட்டுக்குள் வைக்கலாமே அன்றி, முற்றும் போக்குவது அரிது.

நன்றியுணர்வு நல்லதுதான். ஆனால் அது நோயை மறைக்கும் திரையாகிவிடுமானால், அந்த வீட்டாருக்கு யாரேனும் எடுத்துச் சொல்ல வேண்டும்.

வாய்க்காலும் வடிகாலும்

உடலில் குருதி ஓடுவதை அறியாதார் இலர். குருதிக் குழாய்களோடு வேறொரு குழாய்த் தொகுதியும் உடலெங்கும் பரவியிருப்பதைப் பலர் அறியார். குருதி மயிரிழை போன்ற நுண்ணிய நாளங்களின் வழியே செல்லும்போது, அதன் நீரில் ஒரு பகுதி வெளியே கசிந்து உயிரணுக்களை நனைக்கின்றது. உப்பும் புரதமும் கலந்த அந்நீர், தன் பணி முடிந்தபின் மீண்டும் குருதியிற் சேர வேண்டும். அது மீளும் வழியே நிணநீர்க் குழாய்கள். நாள்தோறும் சில லிட்டர் நீர் இவ்வழியே திரும்புகின்றது. வயலுக்குப் பாய்ந்து மிஞ்சிய நீர் வடிகாலில் இறங்கி ஓடையைச் சேர்வது போன்றது இது. வாய்க்காலுக்காகச் சண்டையிடும் நாம் வடிகாலை நினைப்பதில்லை. மருத்துவ உலகமும் நெடுங்காலம் அப்படித்தான் இருந்தது. குருதி சுற்றி ஓடுவதை விளக்கி வில்லியம் ஹார்வி நூல் வெளியிட்டது 1628-இல். உடலெங்கும் பரவிய நிணநீர்க் குழாய்களை ஸ்வீடனில் ஓலோப் ரூட்பெக்கும் டென்மார்க்கில் தாமஸ் பார்த்தொலினும் கண்டறிந்தது 1650-களில்தான்.

இக்குழாய்களின் இடையிடையே அவரை விதை போன்ற சிறு கணுக்கள் உண்டு. காலில் புண் வந்தால் தொடை இடுக்கில் நெறி கட்டியிருக்கிறது என்பார்கள் அல்லவா? அந்நெறிகளே இக்கணுக்கள். கிருமிகளை வடிகட்டித் தடுப்பது இவற்றின் தொழில். அக்குளில் மட்டும் இருபது முப்பது கணுக்கள் குழுமியிருக்கின்றன. மார்பகத்தின் நிணநீரில் பெரும்பகுதி அவ்விடத்திற்கே செல்கின்றது. ஆகவே புற்றுநோய் பரவத் தொடங்கினால் பெரும்பாலும் முதலில் தங்குமிடம் அதுவே. அறுவை மருத்துவர் அக்கணுக்களை அகற்றுவதன் காரணம் இதுதான். ஆனால் கையின் நிணநீரும் அதே அக்குளின் வழியாகவே இதயத்தை நோக்கிச் செல்கின்றது. கணுக்களை எடுத்து, அவ்விடத்தில் கதிரியக்கமும் செலுத்தினால், வடிகால் தூர்ந்து போகின்றது. தேங்கி நிற்கும் நீரில் புரதம் மிகுதி. நாளடைவில் அது நாரையும் கொழுப்பையும் வளர்த்துக் கையைக் கெட்டிப்படுத்துகின்றது.

மார்பகத்தோடு மார்புத் தசைகளையும் அக்குள் கணுக்களையும் ஒருசேர அகற்றும் பெரிய அறுவையைப் பரவச் செய்தவர், அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் பணியாற்றிய வில்லியம் ஹால்ஸ்டெட். அதன்பின் வரும் கைவீக்கத்தைப் பற்றி அவரே 1921-இல் ஒரு கட்டுரை எழுதினார். அதில் அவர் அதற்கு இட்ட இலத்தீன் பெயரை, "அறுவையால் வந்த யானைக்கால்" என்று நாம் சொல்லலாம். பொருத்தமான பெயர்தான். நம் நாட்டு யானைக்கால் நோயில், கொசுவினால் பரவும் பைலேரியாப் புழுக்கள் நிணநீர்க் குழாய்களில் குடியேறி அவற்றைக் கெடுக்கின்றன. அங்கே புழு, இங்கே கத்தியும் கதிரும். காரணம் வேறாயினும் அடைபடும் வழி ஒன்றே.

அன்றைய பெரிய அறுவை இன்று மிக அரிதாகிவிட்டது. 1990-களிலிருந்து, நிணநீர் முதலில் சென்றடையும் ஓரிரு கணுக்களை மட்டும் சாயமிட்டுக் கண்டுபிடித்து எடுத்துச் சோதித்து, அவற்றில் நோய் இல்லையேல் ஏனையவற்றை விட்டுவிடும் முறை பரவியது. இவற்றைக் காவற்கணுக்கள் என்பர். உலகெங்கும் நடந்த பல ஆய்வுகளைத் தொகுத்து 2013-இல் வெளியிட்ட கணக்குப்படி, மார்பகப் புற்றுநோயினின்று மீண்ட பெண்களில் ஏறத்தாழ ஐவருள் ஒருவருக்குக் கைவீக்கம் வருகின்றது. அக்குள் கணுக்களை முழுவதும் எடுத்தவர்களில் 100-க்குச் சுமார் 20 பேர். காவற்கணுவை மட்டும் எடுத்தவர்களில் சுமார் 6 பேர். மிகுந்த உடற்பருமனும் இடரைக் கூட்டுகின்றது. பெரும்பாலும் முதல் இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள் தோன்றினாலும், பல ஆண்டுகள் கழித்துத் தோன்றுவதும் உண்டு.

கண் காணுமுன்

இந்நோயின் வஞ்சகம் அதன் தொடக்கத்தில் இருக்கின்றது. முதற்கட்டத்தில் வடிகால் பழுதுபட்டிருக்கும். நீர் சிறிது சிறிதாகக் கூடிக்கொண்டிருக்கும். ஆனால் கை வீங்கியதாகத் தோன்றாது. கை கனக்கிறது, மாலையில் மோதிரம் இறுகுகிறது, முழங்கைக்குக் கீழே ஏதோ நிறைந்தாற்போல் இருக்கிறது என்ற உணர்வு மட்டும் சிலருக்கு இருக்கும். சிலருக்கு அதுவும் இராது. அடுத்த கட்டத்தில் வீக்கம் தெரியும். அழுத்தினால் குழி விழும். கையை உயர்த்தி வைத்தால் வடியும். இதுவரையில் திரும்பி வரக் கூடிய வழிதான். அதற்கு மேற்பட்டால் உயர்த்தி வைத்தாலும் வடியாது. ஆகவே முதற்கட்டத்திலேயே அதைக் காண்பது எப்படி என்பதே கேள்வி.

அளவுநாடாவால் கையின் சுற்றளவை எடுப்பது பழைய முறை. இரு கைகளுக்கும் இடையே 2 செண்டிமீட்டர் வேறுபாடு இருந்தால் வீக்கம் என்று கொள்வது நெடுநாள் வழக்கம். கையை நீர் நிறைந்த பாத்திரத்தில் அமிழ்த்தி, வழியும் நீரை அளப்பது மற்றொரு முறை. இது சிராக்கூஸ் நகரத்து ஆர்க்கிமிடீஸ் கற்பித்த பாடமே. மார்பக நோயாளிகளின் பாதுகாவலி எனத் திருச்சபை போற்றும் புனித ஆகத்தம்மாள், அதே சிசிலித் தீவின் கத்தானியா நகரத்து மறைசாட்சி என்பது இதை எழுதும்போது நினைவுக்கு வருகின்றது.

இவ்விரு முறைகளுக்கும் பொதுவான குறை ஒன்றுண்டு. எலும்பு, தசை, கொழுப்பு, குருதி ஆகிய அனைத்தையும் சேர்த்தே அவை அளக்கின்றன. நாம் தேடும் நீரோ உயிரணுக்களுக்கு வெளியே இருக்கும் நீர். அது கையின் மொத்தத்தில் ஒரு பகுதியே. அப்பகுதி சற்றே பெருகினால், மொத்த அளவில் அது மறைந்து போகும். நாடாவை இறுக்கிப் பிடிப்பவரும் தளர்த்திப் பிடிப்பவரும் வேறு வேறு அளவு காட்டுவர் என்பது தையற்காரரிடம் சென்ற எவரும் அறிந்ததுதான்.

நீரை மட்டும் தனியே பிரித்து அளக்க உதவுவது மின்சாரம். அஞ்ச வேண்டாம், உடலில் செலுத்துவது தோல் உணரவும் மாட்டாத மிக மெல்லிய மின்னோட்டம். உப்புநீர் மின்சாரத்தை எளிதில் கடத்தும். கொழுப்பும் எலும்பும் அவ்வளவாகக் கடத்தா. உயிரணுவைச் சூழ்ந்துள்ள உறையோ மெல்லிய கொழுப்புப் படலம். மின்னோட்டம் மெதுவாகத் திசை மாறினால் அவ்வுறையைக் கடக்க மாட்டாமல், உயிரணுக்களுக்கு வெளியே உள்ள நீரின் வழியாகவே சுற்றிச் செல்லும். மிக விரைந்து திசை மாறினால் உயிரணுக்களுக்குள்ளும் புகுந்து செல்லும். வீடுகளெல்லாம் கதவடைத்திருக்கும் ஊரில் வழிப்போக்கன் சந்துகளின் வழியேதான் நடக்க வேண்டும்; சந்துகள் அகன்றால் அவன் நடை எளிதாகும். அதுபோல, உயிரணுக்களுக்கு வெளியே நீர் பெருகப் பெருக, மெதுவாக மாறும் மின்னோட்டத்திற்குக் கை காட்டும் தடை குறைகின்றது. நலமான கையின் தடையையும் அறுவைப் பக்கத்துக் கையின் தடையையும் ஒப்பிட்டால், நீர் எங்கே கூடுகிறது என்பது எண்ணாகத் தெரிந்துவிடும். வலக்கைப் பழக்கமுடையவர்க்கு வலக்கையில் தசை சற்று மிகுதியாதலால், அதற்கும் கணக்கில் இடம் விட்டிருக்கிறார்கள்.

பிரெஞ்சு மருத்துவர் தோமாசே 1960-களின் தொடக்கத்தில் தோலடியில் இரண்டு ஊசிகளைச் செருகி உடல்நீரை இவ்வாறு அளக்க முயன்றார். பின்னர் ஊசியே தேவையில்லை, தோலின்மீது நான்கு மின்வாய்களை ஒட்டினால் போதும் என்றாயிற்று. இதைக் கைவீக்கத்தைக் கண்டறியப் பயன்படுத்திக் காட்டிய பெருமை, ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரத்து ஆராய்ச்சியாளர்களான கார்னிஷ், தாமஸ், வார்டு முதலியோரைச் சாரும். மார்பக அறுவை செய்துகொண்ட 102 பெண்களை அவர்கள் தொடர்ந்து அளந்து வந்தனர். 20 பேருக்கு வீக்கம் உறுதியாயிற்று. வழக்கமான முறைகளால் அதைக் காண்பதற்குப் பத்து மாதம் வரை முன்னதாகவே மின் அளவை அதைக் காட்டிவிட்டது என்று 2001-இல் அறிவித்தனர். பத்து மாதம் என்பது சிறிதன்று.

ஏழு பேரும் இருபத்து மூன்று பேரும்

முன்னதாக அறிந்து பயன் என்ன என்று வாசகர் கேட்கலாம். நியாயமான கேள்வியே. தடுக்க வழியில்லாத நோயை முந்தி அறிவது கவலையை முந்தி வாங்குவதாகும்.

அமெரிக்காவின் பெத்தெஸ்டாவில் உள்ள கடற்படை மருத்துவமனையில் நடந்த ஓர் ஆய்வு 2008-இல் வெளியாயிற்று. அங்கே அளக்கப் பயன்பட்டது மின்சாரம் அன்று, அகச்சிவப்புக் கதிர். 196 பெண்களின் கைகளை அறுவைக்கு முன்பே அளந்து வைத்துக் கொண்டு, பின்னரும் தொடர்ந்து அளந்தனர். 43 பேருக்குக் கண்ணுக்குத் தோன்றாத சிறு பெருக்கம் காணப்பட்டது. அவர்களுக்கு அழுத்தக் கையுறை, அதாவது மணிக்கட்டிலிருந்து தோள்வரை கையைப் பற்றிப் பிடிக்கும் இறுக்கமான உறை, அணிவிக்கப்பட்டது. சராசரியாக நான்கு வாரம் சற்றுக் கடந்த அளவிலேயே பெருகியது வடிந்து, கை ஏறக்குறைய பழைய அளவுக்குத் திரும்பியது.

அடுத்த பெரிய சோதனையை நாஷ்வில் நகரத்து வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தின் செவிலியர் துறைப் பேராசிரியை ஷீலா ரிட்னர் தலைமையேற்று நடத்தினார். அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் பல மருத்துவமனைகள் இதில் பங்கேற்றன. பெண்களைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினரை மின் அளவையாலும் மற்றப் பிரிவினரை அளவுநாடாவாலும் கண்காணித்தனர். இரு பிரிவிலும், அளவு குறித்த எல்லையைத் தாண்டியவுடன் நாளொன்றுக்கு 12 மணி நேரம் வீதம் நான்கு வாரம் அழுத்தக் கையுறை அணிய வேண்டும். மின் அளவையில் அவ்வெல்லை, அறுவைக்கு முன் எடுத்த தம் சொந்த எண்ணைவிட 6.5 புள்ளி உயர்வு. 2022-இல் வெளியான முடிவில் 879 பெண்களின் விவரம் இருக்கின்றது. மின் அளவையால் கண்டறியப்பட்டுக் கையுறை அணிந்தவர் 89 பேர். அவர்களுள் நாட்பட்ட வீக்கமாக முற்றியது 7 பேருக்கு. நாடாவால் கண்டறியப்பட்டோர் 120 பேர். அவர்களுள் முற்றியது 23 பேருக்கு. அதாவது 100-க்கு 8 என்பதற்கு எதிராக 19.

கருவியைச் செய்யும் நிறுவனமும் இவ்வாய்வுக்கு உதவியது என்பதை மறைத்தல் ஆகாது. அந்த ஏழு பேரையும் மறத்தல் ஆகாது. முன்னதாக அறிந்தும் அவர்களுக்கு நோய் முற்றியது. மேலும், இரு பக்கமும் அறுவை நடந்தவர்க்கு ஒப்பிட நலமான கை இல்லையாதலால் கணக்குச் சிக்கலாகும். இதயத்தில் பேஸ்மேக்கர் போன்ற மின்கருவி பொருத்தியவர்க்கும் கருவுற்றவர்க்கும் இவ்வளவை எடுப்பதில்லை. நாட்பட்டு நாரும் கொழுப்பும் மண்டிவிட்ட கையில், தேங்கிய நீரை மட்டும் அளந்து முழு நிலையையும் அறிய முடியாது. இவ்வளவையும் ஒத்துக்கொண்ட பின்னும், இந்த அளவைக்கு ஊசி இல்லை, வலி இல்லை, சில நிமிடப் பொழுதே ஆகும் என்பதை எண்ணும்போது, கிடைக்குமிடத்தில் அதை வேண்டாமென்பதற்குக் காரணம் ஏதும் எனக்குப் புலப்படவில்லை.

நாடாவும் ஒரு நோட்டுப் புத்தகமும்

இக்கருவி எல்லா மருத்துவமனைகளிலும் இருப்பதன்று. ஆனால் மேற்சொன்ன ஆய்வுகளிலிருந்து கருவி இல்லாதவர்க்கும் கிடைக்கும் செய்தி ஒன்றுண்டு: அறுவைக்கு முன்பே கையை அளந்து வைக்க வேண்டும். முன்னளவு இல்லையேல் பின்னளவுக்கு ஒப்பிட எதுவும் இல்லை. அறுவைக்கு நாள் குறிக்கும்போதே இதை மருத்துவரிடம் கேளுங்கள். கருவி இல்லாத இடத்தில் தையல் நாடா போதும். மணிக்கட்டிலிருந்து பத்துப் பத்து செண்டிமீட்டர் தொலைவில் குறியிட்டு, இரு கைகளையும் அளந்து, தேதியோடு எழுதி வையுங்கள். அதே நாடா, அதே வேளை, இயன்றால் அளப்பவரும் அதே ஆள். கணவரோ மகளோ இதைச் செய்யலாம். அறுவைக்குப் பின் மூன்று மாதத்திற்கு ஒருமுறை அளந்து, அந்த நோட்டுப் புத்தகத்தை மருத்துவரிடம் காட்டுங்கள். நாடா ஏதும் காட்டாவிடினும், கை கனக்கிறது என்று பெண் சொன்னால் அச்சொல்லையே அளவாகக் கொள்ளுங்கள்.

கையுறையைத் தாமே கடையில் வாங்கி அணிதல் கூடாது. பொருந்தாத உறை ஓரிடத்தில் இறுக்கி, நீரை வேறிடத்தில் தேக்கும். வீட்டில் எண்ணெய் தேய்த்து அழுத்திப் பிடித்துவிடுவதும் சுடுநீர் ஒத்தடம் கொடுப்பதும் நல்லெண்ணத்தால் செய்யப்படும் தீமைகள். நிணநீரை வழிநடத்தும் பிடிப்புமுறை ஒன்று உண்டுதான். டென்மார்க்கைச் சேர்ந்த எமில் வோடர் 1930-களில் வகுத்த அது தோலை மெல்ல வருடுவது போன்றது, பயிற்சி பெற்ற இயன்முறை மருத்துவர் செய்ய வேண்டியது.

கையை அசைக்காதே, தண்ணீர்க் குடத்தைத் தொடாதே என்று முன்னாளில் சொல்லி வந்தனர். பிலடெல்பியாவில் கேத்ரின் ஷ்மிட்ஸ் என்பவர், ஏற்கெனவே கைவீக்கம் உடைய 141 பெண்களைக் கொண்டு நடத்திய ஆய்வு 2009-இல் அக்கருத்தை மாற்றிவிட்டது. மேற்பார்வையில், சிறிய எடையில் தொடங்கி மெல்ல மெல்லக் கூட்டி, ஓராண்டு எடை தூக்கிப் பயின்றவர்களுக்கு வீக்கம் மிகவில்லை. நோய் திடீரென மோசமாவதும் அவர்களிடையே ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது. தசை சுருங்கி விரியும்போது நிணநீரும் மேலே தள்ளப்படுகின்றது. ஆகவே வீட்டு வேலையிலிருந்து அப்பெண்ணை முற்றும் விலக்கி ஒரு மூலையில் அமர்த்துவதும் அன்பாகாது. முதல் வாரமே மாவரைக்கச் சொல்வதும் அன்பாகாது. அந்தக் கையில் இரத்த அழுத்தம் பார்த்தால் வீங்கிவிடும் என்ற அச்சத்திற்கும் ஆதாரம் இல்லை என்று பாஸ்டன் நகரத்து ஆய்வு ஒன்று 2016-இல் கண்டது. ஆயினும் மறுகை இருக்கும்போது அதையே நீட்டுவதில் நட்டம் ஒன்றுமில்லை.

அந்த ஆய்வே உண்மையான பகையாகக் கண்டது, தோலில் பற்றும் கிருமித் தொற்றை. வடிகால் பழுதுற்ற கையில் சிறு கீறலும் பெரிதாகும். மீன் முள் குத்தினால், காய் நறுக்கும்போது விரல் அறுந்தால், அடுப்படியில் சுட்டுக்கொண்டால், உடனே கழுவி மருந்திடுங்கள். கை சிவந்து, சூடேறி, காய்ச்சலும் குளிரும் கண்டால், காலையில் பார்த்துக் கொள்ளலாம் என்று இருந்துவிடாமல் அன்றிரவே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.